மூலமும் உரையும் ஒட்டும்

புறநானூற்றுக்கு உள்ள பழைய உரை 266-ஆம் பாடல் வரையில்தான் கிடைத்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட பாடல்களுக்குள் நுழையும் மாணவர் சற்றே நடை தளர்வதை வகுப்பறையில் ஆண்டுதோறும் காண்கிறோம். யாரோ இயற்றி, யார் யாரோ படியெடுத்து, இன்று நம் கைக்கு வந்து சேர்ந்த ஒரு மூலத்தை எப்படிப் படிப்பது, எந்த அளவுக்குத் தொடுவது என்னும் கேள்வி ஏட்டுச் சுவடிக்கு மட்டும் உரியதன்று. யூனிக்ஸ் என்னும் கணினி இயக்குதளத்தின் வரலாறு முழுவதும் இக்கேள்வியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் தமிழ் படித்த நாம் அதைப் பற்றி எழுதத் துணிகிறோம்.

1969-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், ஒருவரும் அதிகம் பயன்படுத்தாத பி.டி.பி.-7 கணினி ஒன்றில் இதனைத் தொடங்கினார். டென்னிஸ் ரிட்சி உடன் சேர்ந்தார். 1971 நவம்பரில் முதல் கையேடு வெளிவந்தது. அக்கையேட்டில் ஒரு வழக்கம் நம்மைக் கவர்கிறது. ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்துக்கும் கீழே, அதில் உள்ள குறைகளைச் சொல்வதற்கென்றே ஒரு தலைப்பு வைத்தார்கள். நூலாசிரியரே தம் நூலின் வழுக்களை நூலுக்குள் எழுதிவைக்கும் மரபு வேறெங்கும் இத்தனை இயல்பாக இருந்ததாக நாம் அறியோம்.

பெல் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏ.டி. அண்ட் டி. நிறுவனம், 1956-இல் ஏற்பட்ட ஒரு நீதிமன்ற உடன்பாட்டால், தொலைத்தொடர்பு தவிர்ந்த பிற வணிகத்தில் இறங்க முடியாதிருந்தது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸை மிகக் குறைந்த கட்டணத்தில், மூலநிரலோடு கொடுத்தது. பராமரிப்பு மட்டும் இல்லை. பழுதானால் வாங்கியவரே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கைவிடல்தான் பின்னாளில் பெருவரமாயிற்று. முன்பின் அறியாத இயந்திரத்தின் முன் அமர்ந்த பேராசிரியர்களும் மாணவர்களும் மூலத்தைப் படித்தார்கள், பிழை கண்டார்கள், திருத்தங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

அவர்களுள் உரையாசிரியர் ஒருவரும் தோன்றினார். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜான் லயன்ஸ், 1975-இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் கருநிரலை, ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரிகளை, எண்ணிட்டு ஒரு தொகுதியாகவும், அதற்குத் தாம் எழுதிய விளக்கத்தை மற்றொரு தொகுதியாகவும் 1977-இல் அமைத்தார். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் வளர்த்த மரபில் ஊறிய நமக்கு இது புதிய வடிவமே அன்று. ஆனால் 1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது உரிமத்தின் விதி மாறியது. மூலநிரலை வகுப்பில் வைத்துப் பாடம் சொல்லலாகாது என்றார்கள். லயன்ஸின் உரை நகலின் நகலாக, எழுத்து மங்க மங்க, கைமாறிக்கொண்டே இருந்தது. முறையாக அச்சேற 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாண்டுகளில் அவர் மறைந்தார்.

அந்த ஆறாம் பதிப்பில் ஓரிடம் புகழ்பெற்றது. ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்கு இயந்திரம் தாவும் இடத்தில், படிப்பவர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்னும் பொருளில் ஒரு குறிப்பை ஆசிரியர்கள் எழுதியிருந்தார்கள். அதைச் செருக்கு என்று பலர் எண்ணினர். தேர்வில் இது வராது என்னும் பொருளில்தான் எழுதினோம் என்று பின்னாளில் விளக்கிய ரிட்சி, உண்மையில் தங்களுக்கே அவ்விடம் சரியாக விளங்கியிருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

பொன்னேரியில் நம்மிடம் பயில வருவோரில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வருவோர் உண்டு. அப்படி ஒரு மாணவர், தமிழ் எங்களிடமும் கணினி வேறிடத்திலும் கற்றவர், சென்னையில் ஒரு சிறு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். முன்னிருந்தவர் விலகிச் சென்றுவிட, பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த பழைய யூனிக்ஸ் வழங்கி ஒன்று இவர் பொறுப்பில் வந்தது. கடவுச்சொல் எழுதிய ஒரு தாள் தவிர வேறு குறிப்பில்லை. "தொடவே பயமா இருக்குதுங்க ஐயா. நின்னுபோனா என் வேலை போயிடும்," என்றார். நாம் கணினி அறியோம். உன் தகப்பனார் கிழிந்த வலையை எப்படிக் கட்டுகிறார் என்று மட்டும் கேட்டோம். முதலில் வலையை விரித்துக் கிழிசல் எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பார், பிறகு ஓரத்துக் கண்ணிகளை அறுத்து ஒழுங்கு செய்வார், அதற்குப் பின்தான் நூலைக் கோப்பார் என்றார். அதையே அவர் செய்தார். சில வாரங்கள் ஒன்றையும் மாற்றாமல், எந்நிரல் எப்போது ஓடுகிறது, எதை எது நம்பியிருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். பிறகு முழுவதையும் படியெடுத்து வேறொரு இயந்திரத்தில் வைத்து, திருத்தங்களை அங்கே முதலில் இட்டுப் பார்த்தார்.

திருத்தம் என்று நாம் சொல்வதை அவர்கள் 'பேட்ச்' என்பர், ஒட்டு எனலாம். 1974-இல் ஐந்தாம் பதிப்போடு வந்த 'டிஃப்' என்னும் நிரல் இரு பிரதிகளை ஒப்பிட்டு வேறுபட்ட வரிகளை மட்டும் எடுத்துத் தரும். பாடபேதப் பட்டியல் என்றால் தமிழாசிரியருக்கு உடனே விளங்கும். டக்ளஸ் மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹண்ட்டும் ஆக்கியது அது. அப்பட்டியலை மீண்டும் மூலத்தில் பொருத்தும் 'பேட்ச்' நிரலை 1985-இல் எழுதியவர் லாரி வால். அவர் மொழியியல் பயின்றவர் என்பதில் நமக்குச் சிறு மகிழ்ச்சி. வரி எண் இடம்பெயர்ந்திருந்தாலும், முன்னும் பின்னும் உள்ள வரிகளைக் கொண்டு உரிய இடத்தை அந்நிரல் தேடிக்கொள்ளும். சிதைந்த ஏட்டில் ஓர் அடியின் இடத்தைப் பதிப்பாசிரியர் காண்பதும் இவ்வாறுதான். இட்ட ஒட்டைத் திரும்பப் பிரித்தெடுக்கவும் அதில் வழியுண்டு.

இதெல்லாம் அலுவலக விவகாரம், கரைக்கு என்ன என்று கேட்கலாம். புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் 1990-களின் இறுதியிலேயே, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்திலிருந்து, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் எடுத்த அலை உயரத்தை மீனவருக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின், 2007-இல் ஐதராபாத்தில் இந்தியாவின் முன்னெச்சரிக்கை மையம் தொடங்கியது. இன்று முகத்துவாரம் தாண்டிப் படகைச் செலுத்துபவருக்கு வரும் எச்சரிக்கை பல இயந்திரங்களைக் கடந்தே வருகிறது. எங்கோ ஒருவர் அவற்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒட்டே கிழிசலானதும் உண்டு. யூனிக்ஸின் வழிவந்த லினக்ஸ் குடும்பத்தில் டெபியன் ஒன்று. 2006-இல் அதன் பராமரிப்பாளர் ஒருவர், இரகசியக் குறியீடுகளை உண்டாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலைச் சோதித்தபோது, இரண்டு வரிகள் பிழையானவை என்று சோதனைக் கருவி காட்டிற்று. அவர் அவசரக்காரர் அல்லர். மூல ஆசிரியர்களின் குழுவில் கேட்டார். தெளிவான மறுப்பு வராததால் நீக்கினார். குறியீடுகளை ஊகிக்க முடியாதபடி கலக்கிக் கொண்டிருந்தவை அவ்வரிகளே என்பது அவருக்குத் தெரியவில்லை. பொருள் விளங்காத சொல்லை ஏடெழுதுவோன் பிழை என்று கருதித் திருத்தும் பதிப்பாசிரியரை நாம் அறிவோம். உ.வே.சாமிநாதையர் தாம் ஏற்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் இட்டுக் காத்ததன் அருமை இங்கே தெரிகிறது.

எண்ணற்று இருக்கவேண்டிய சாவிகள், ஒரு வகைக்கு 32,768 என்ற அளவில் சுருங்கிப்போயின. 2008 மே மாதம் வரை ஒருவரும் கவனிக்கவில்லை. நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்ப்பது எளிதாக இருந்தது. ஆனால் இடைப்பட்ட இருபது மாதங்களில் அந்நிரல் உண்டாக்கிய சாவிகள் உலகெங்கும் பரவிவிட்டிருந்தன. ஒவ்வொன்றையும் தேடிக் களைந்து, வேறு செய்ய வேண்டியதாயிற்று.