கணவாய் காத்த இராயக்கோட்டை



நம் சந்தாபுராவுக்கு அருகிலுள்ள ஹீலலிகே நிலையத்தில் சேலம் செல்லும் வண்டியில் ஏறினால், ஓசூரையும் கெலமங்கலத்தையும் கடந்ததும் இராயக்கோட்டை வருகிறது. பொங்கலுக்கு ஊர் செல்லும் நம்மவருள் பலர் அந்நிலையத்தை எத்தனையோ முறை கடந்திருப்பர். சென்ற ஆண்டு அவ்வழியே சென்றபோது, உடன் பயணித்த பெரியவர் ஒருவர் குன்றைச் சுட்டிக் காட்டி, "மேலே கோட்டை இருக்கிறது" என்றார். "அப்பா, அது யார் கட்டிய கோட்டை?" என்று என் மகன் கேட்டான். இருபதாண்டுகளுக்கு மேலாக ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிவரும் எனக்கு அவ்வூருக்கு என்ன கட்டணம் என்பது தெரியும். அதன் வரலாறு தெரியாது. வெட்கமுற்றேன். அதன்பின் படித்தறிந்தவற்றை இம்மலரின் வாயிலாக உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் நிலத்தின் அமைப்பைக் காண்போம். ஓசூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. தருமபுரியோ சுமார் 1,500 அடியில் இருக்கிறது. மைசூர்ப் பீடபூமி படியிறங்கித் தமிழகச் சமவெளியை நோக்கிச் செல்லும் அந்தச் சரிவின் விளிம்பில் இராயக்கோட்டை அமைந்துள்ளது. மேட்டு நிலத்தைப் பாலாகாட் என்றும், கீழ்நிலத்தைப் பாராமகால் என்றும் பழைய ஆவணங்கள் குறிக்கின்றன. ஒரு வீட்டுக்கு வாசற்படி எப்படியோ, அப்படியே இவ்விரு நிலங்களுக்கும் இம்மலை.

இப்பகுதியை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகரப் பேரரசரிடமிருந்து பெற்றுச் சென்னப்பட்டணத்திலிருந்து ஆண்டவர் ஜகதேவராயர். பாராமகால் கோட்டைகளை அவரோடு இணைத்துச் சொல்வது வழிவழி வந்த செய்தி. பின்னர் 18ஆம் நூற்றாண்டில் இந்நிலம் ஹைதர் அலியின் ஆட்சிக்கும், அவருக்குப்பின் திப்பு சுல்தானின் ஆட்சிக்கும் உட்பட்டது.

இம்மலையின் பெருமை தெளிவாக விளங்கும் ஆண்டு 1791. அவ்வாண்டு மார்ச் திங்களில் கார்ன்வாலிஸ் பிரபு பெங்களூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். மே மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியும் விட்டார். ஆனால் அவரைத் திருப்பியனுப்பியது பசி! வண்டி மாடுகள் ஆயிரக்கணக்கில் மாண்டன, அரிசி வரவில்லை, இழுத்துச் செல்ல இயலாத பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் படை திரும்பியது. கீழ்நாட்டிலிருந்து தானியமும் மாடுகளும் தடையின்றி மேலேற வேண்டுமானால் கணவாய்கள் தம் கையில் இருக்க வேண்டும் என்பதை அவர் அப்போது நன்கு உணர்ந்தார். எனவே ஜூலையில் ஓசூர் அவர் வசமாயிற்று. அதே மாதம் மேஜர் கௌடி என்பவரின் படை இராயக்கோட்டையைத் தாக்கிப் பிடித்தது.

சரக்குப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் எனக்கு இது பெரிதும் வியப்பளிக்கவில்லை. வாள் வீரத்தை நாம் பாடுகிறோம். ஆனால் மூட்டை வந்து சேர்ந்தால்தான் வாளெடுத்த கைக்குச் சோறு.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு தம் நாட்டில் ஏறக்குறைய பாதியை இழந்தார். பாராமகால் கும்பினியாரிடம் வந்தது. அதை ஆள வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, உழவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடிகோலினர். சென்னையில் குதிரைமேல் சிலையாக வீற்றிருக்கும் மன்றோ அவரே. 1799இல் ஜெனரல் ஹாரிஸின் படை இராயக்கோட்டைப் பக்கமாகவே மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. அவ்வாண்டு மே 4ஆம் நாள் திப்பு போர்க்களத்தில் வீழ்ந்தார். மேலும் கீழும் ஒரே ஆட்சியின்கீழ் வரவே, வாசலைக் காக்கும் வேலை மலைக்கு இல்லாமற் போயிற்று.

ஆயினும் வழி நின்றுவிடவில்லை. பஞ்சத்திலிருந்து மக்களைக் காக்கும் நோக்குடன் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் குறுகிய பாதை ரயில் வந்தது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அப்பாதை மூடப்பட்டது. ஒரு போருக்கு அரிசி சுமந்த வழியில் இன்னொரு போர் இருந்த ரயிலையும் நிறுத்திய விந்தையை என்னென்பது! பிற்காலத்தில் சேலம் – பெங்களூர் இருப்புப் பாதை அமைந்து, இன்று அகலப் பாதையாக நம் வாசலருகே ஓடுகிறது.

இத்தாலி நாட்டிலும் இத்தகைய மலையூர்கள் பல உண்டு. அவற்றுள் சிவித்தா என்பது குன்றின் உச்சியிலேயே அமைந்த சிற்றூர். 1695ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப்பின் மக்கள் பெரும்பாலும் அதைவிட்டு நீங்கினர். அது நின்ற மண்ணும் சரிந்து வருகிறது. இன்று காண வருவோர் மிகுதி. வாழ்வோர் மிகச் சிலர். நம் இராயக்கோட்டையிலோ கோட்டை மேலே பாழ்பட்டது. ஊர் அடிவாரத்தில் வயலோடும் சந்தையோடும் தழைத்தது. மலையுச்சியில் இடிந்த மதில்களும் நீர்ச் சுனைகளும் எஞ்சியுள்ளன. கீழேயோ தக்காளி மூட்டைகளும் பெட்டிகளும் மலைபோற் குவிகின்றன. வீரர்கள் போய்விட்டனர், உழவர் இருக்கின்றனர்.

சேலம் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 1965இல் தருமபுரி மாவட்டத்திற்கும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் மாறியது. அரசர், கும்பினி, மாவட்டம் என எத்தனை பெயர்கள் மாறினும், தமிழும் கன்னடமும் தெலுங்கும் அப்பகுதிச் சந்தைகளில் கலந்தே ஒலிக்கின்றன. அத்திப்பள்ளியைக் கடந்து நாள்தோறும் வேலைக்குச் செல்லும் நம்மவர்க்கு இது புதிதன்று.

"நாம் எந்த ஊர்?" என்று நம் காலனிக் குழந்தைகள் கேட்கின்றனர். பெற்றோர் பிறந்த ஊரும் அவர்களுக்கு விடுமுறை ஊரே. வாழும் ஊரிலும் வந்தவர் மக்கள் என்றே பெயர். அவர்களை ஒருநாள் இராயக்கோட்டை மலைமேல் அழைத்துச் செல்லுங்கள். ஒருபுறம் மேட்டு நிலம், மறுபுறம் தாழ்நிலம்; இரண்டையும் இணைக்கும் வழியில் காலங்காலமாக மக்கள் ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றனர். நாமும் அவ்வழியே வந்தவர்கள். வழியில் நிற்பவன் வீடற்றவன் அல்லன். இரு பக்கத்தாருக்கும் உறவினன் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். என் மகனுக்கு நான் சொன்ன விடையும் அதுவே.