நிற்கும் வண்டியின் டீசல்: கீரனூர்த் தடத்தை முன்வைத்து ஒரு புள்ளிவிவர மறுவாசிப்பு

டீசல் இழுவையின் சிக்கனத்தைப் பேசுவோர் பெரும்பாலும் ரயில்வே ஆண்டுப் புள்ளிவிவரத்தின் ஓர் எண்ணையே நம்புகிறார்கள்: ஆயிரம் மொத்த டன் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். அது இறங்கினால் எஞ்சின் தேறிவிட்டது என்று எழுதுவது முந்தைய ஆய்வுகளின் வழக்கம். திருச்சி–கீரனூர்–புதுக்கோட்டை போன்ற ஒற்றைப் பாதையில் இந்த வாசிப்பு நிற்காது என்பது என் கருத்து.

அந்த எண்ணின் வகுக்கும் பகுதி எடையும் தூரமும் மட்டுமே. நிறைசுமைச் சரக்கு வண்டி நெடுந்தூரம் நிற்காமல் ஓடினால் எண் இறங்கும். அதே எஞ்சினைக் குமாரமங்கலம், கீரனூர், நார்த்தாமலை என்று நின்று நின்று போகும் இலகுவான பயணி வண்டியில் பூட்டினால் ஏறும். எதிர்வண்டிக்காக லூப் லைனில் காத்திருக்கும் நேரத்திலோ லிட்டர் கூடிக்கொண்டே போகும், கிலோமீட்டர் அசையாது. ஆக, எஞ்சினின் திறன், சுமை, காத்திருப்பு மூன்றும் கரைந்துபோன கலவை அது. போதாததற்கு மின்மயமும் குறுக்கிடுகிறது. அடர்ந்த போக்குவரத்துள்ள தடங்கள் முதலில் மின்சாரத்துக்கு மாறினால், மிச்சமிருக்கும் டீசல் ஓட்டத்தில் கிளைப்பாதைகளின் பங்கு கூடும். எஞ்சின் தேறியபோதும் சராசரி கெடலாம்.

பணிமனைகள் எதுவும் செய்யவில்லை என்பதல்ல. பழைய ஆல்கோ எஞ்சின்களில் 15 மி.மீ. எரிபொருள் பம்புக்குப் பதில் 17 மி.மீ. பம்பு வந்தது; கேம்ஷாஃப்ட் மாறியது; மேலான டர்போசார்ஜர் பொருத்தப்பட்டது. இவற்றின் பலன் மேல் நோட்சுகளில் (த்ராட்டில் படிகளில்) தான் முழுதாகத் தெரியும். டீசல் நாட்களில் கீரனூர் வழி ஓடிய இலகு வண்டி உச்சமான எட்டாம் நோட்சில் நெடுநேரம் இருந்ததில்லை.

இனி காத்திருப்பின் செலவு. ரயில்வே தந்துள்ள கணக்குப்படி, வண்டி நிற்கையில் சும்மா ஓடும் முதன்மை எஞ்சின் மணிக்கு 25 லிட்டர் குடிக்கிறது. துணை மின் அலகு என்ற 25 குதிரைத்திறன் சிற்றெஞ்சின், பெரியது அணைந்திருக்கையில் பேட்டரியையும் பிரேக் காற்றையும் பார்த்துக்கொள்ள 3 லிட்டரே எடுக்கிறது. எதிர்வண்டிக்காக இருபது நிமிடம் காத்திருந்தால் எட்டு லிட்டருக்கு மேல். துணை அலகு இருந்தால் ஒன்று. 2017இல் கூரையில் சூரியத் தகடு பதித்து ஓடவிட்ட, சென்னை ஐ.சி.எஃப். கட்டிய டெமு (டீசல் பயணி ரயில்) ஆண்டுக்கு 21,000 லிட்டர் மிச்சப்படுத்தும் என்றார்கள். நாளுக்கு ஏறத்தாழ 57 லிட்டர். ஒரே ஒரு லோகோ நாளில் இரண்டரை மணிநேரத்துக்குச் சற்று கூடுதலாகச் சும்மா ஓடுவதைத் துணை அலகால் தவிர்த்தால் அதே மிச்சம் வந்துவிடும். சூரியத் தகடும் வண்டியை இழுக்கவில்லை, விளக்கையும் மின்விசிறியையும்தான் தாங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு சேமிப்புகளுமே இழுவைக்கு வெளியே கிடைத்தவை.

புகையும் இரைச்சலும் வண்டி நின்று கிளம்பும் இடத்தில்தான் குவிகின்றன. நோட்சை ஏற்றும்போது டீசல் உடனே பாய்கிறது. டர்போ சுழன்று போதிய காற்றைத் தர நேரமெடுக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்பவர் மேல் கவியும் கரும்புகை அந்த இடைவெளியில் பிறப்பது. முழுச்சுமையில் ஒரே சீராக ஓட்டி எடுக்கும் சோதனை அளவீடு அதைப் பிடிக்காது.

எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்பாமல் போகலாம் என்ற லோகோ பைலட்டுகளின் அச்சம் நியாயமானதே; துணை அலகு அதற்கான விடை. தடம் மின்மயமாகிவிட்டதே, இது பழங்கதை அல்லவா என்போருக்கு நீண்ட பதில் தேவையில்லை. மின்மயம் மட்டும் இழுவைக்கு வெளியே எரியும் டீசலை நிறுத்திவிடவில்லை: மின்சார லோகோ இழுத்த வண்டிகளிலும் ஏசிக்கும் விளக்குக்குமாகப் பவர் கார்கள் டீசல் எரித்தே வந்தன, பெட்டிகளுக்கும் லோகோவே மின்சாரம் தரும் தலைமுனை மின்வழங்கல் வந்த பிறகே அவை ஓய்ந்தன.

நுண்செயலிக் கட்டுப்பாடுள்ள லோகோக்கள் ஒவ்வொரு நோட்சிலும் கழித்த நேரத்தைப் பதிந்துவைக்கின்றன. நின்ற நேரத்து லிட்டரை மணிக்கணக்கிலும், ஓடிய நேரத்து லிட்டரை டன் கிலோமீட்டரிலும் தனித்தனியாக வெளியிட அந்தப் பதிவுகள் போதும். பொன்மலை போன்ற ஒரு ஷெட்டின் லோகோக்களிலிருந்தே தொடங்கலாம்.