கோல்ஃப் போட்டி பார்க்க வெளிநாடு போறீங்களா? விமான டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் அதிதி அசோக் பதக்கத்தை நெருங்கிக் கொண்டிருந்தார். ‘பேர்டி’ன்னா என்ன, ‘போகி’ன்னா என்ன என்று தெரியாதவர்கள்கூட அன்றைக்கு டிவி முன்னாடி உட்கார்ந்து கோல்ஃப் பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பதக்கம் நழுவி, 4-வது இடம் கிடைத்தது.

இப்படி ஒரு போட்டியை நேரில் பார்க்கணும் என்று ஆசை வந்தால், செங்கல்பட்டிலிருந்தோ மாமல்லபுரத்திலிருந்தோ கிளம்புவது முடியாத காரியம் இல்லை. ஆனால் வழக்கமான டூர் மாதிரி, ஆஃபர் வந்ததும் விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டால் பணம் மாட்டிக்கொள்ளும். முதலில் போட்டிக்கான டிக்கெட், அடுத்து விசா, அதற்குப் பிறகுதான் விமானம். இந்த வரிசை மாறினால்தான் சிக்கலே.

எந்தப் போட்டிக்குப் போகலாம்?

முதல் முறை போகிறவர்களுக்கு சிங்கப்பூர்தான் சுலபம். செந்தோசா கோல்ஃப் கிளப்பில் வழக்கமாக பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் எச்எஸ்பிசி மகளிர் உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது. சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் சுமார் 4 மணி நேரம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. லிட்டில் இந்தியாவில் ரூம் எடுத்தால் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, வண்டி மாறாமல் ஒரே மெட்ரோவில் ஹார்பர்ஃபிரண்ட் போய் இறங்கலாம். அங்கிருந்து செந்தோசா பக்கம்தான்.

பிரிட்டனில் நடக்கும் ‘தி ஓபன்’ வேறு ரகம். ஒவ்வொரு ஆண்டும் ஜூலையில், ஆனால் வெவ்வேறு மைதானத்தில் நடக்கும். 2025-இல் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ். 2026-க்கு ஜூலை 16 முதல் 19 வரை இங்கிலாந்தின் சவுத்போர்ட் ஊரில் உள்ள ராயல் பர்க்டேல். அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் வழக்கமாக ஏப்ரலில், ஆனால் இடம் மட்டும் எப்போதும் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாதான்.

காசு இருந்தால் டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்காது. தி ஓபனுக்கும் மாஸ்டர்ஸுக்கும் குலுக்கல்தான். ஏறத்தாழ ஒரு வருடம் முன்னாடியே இணையதளத்தில் பெயர் பதிய வேண்டும். 2022-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த 150-வது ஓபனுக்கு 13 லட்சம் டிக்கெட்டுகள் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. உள்ளே போனவர்கள் 2.9 லட்சம் பேர்தான்.

இங்கேதான் ஏமாற்று வேலையும் நடக்கும். “மாஸ்டர்ஸ் டிக்கெட் கைவசம் இருக்கு, அட்வான்ஸ் போடுங்க” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் நம்ப வேண்டாம். வெளி ஆட்களிடம் வாங்கிய டிக்கெட்டை அகஸ்டா ஏற்காது. வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். இன்னொரு விஷயம், அந்த மைதானத்துக்குள் செல்போனுக்கே அனுமதி இல்லை. செல்ஃபி எடுப்பதற்காகப் போகிறவர்கள் வேறு போட்டியைத் தேர்வு செய்வது நல்லது!

விசா கணக்கு எப்படி?

கையில் போட்டி டிக்கெட் இருக்கிறது என்பதற்காக விசா தர மாட்டார்கள். வங்கிக் கணக்கு, வருமான வரி ரிட்டர்ன், வேலை செய்யும் இடத்தின் லீவு கடிதம் இவைதான் பேசும். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்னாடி கணக்கில் திடீரென 5 லட்சம் விழுந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும்.

பிரிட்டன் சுற்றுலா விசாவுக்கு, பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். முடிவு தெரிய வழக்கமாக 3 வாரம் ஆகும். அப்படியானால் ஜூலை நடுவில் போட்டி என்றால் ஏப்ரல் கடைசிக்குள் விண்ணப்பித்துவிடுவது பாதுகாப்பு. சிங்கப்பூருக்கும் இந்தியர்களுக்கு விசா தேவை. ஆனால் பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள், அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் முடித்துவிடலாம். அந்நாட்டின் எஸ்ஜி அரைவல் கார்டு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாத கால அவகாசம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். புதுப்பிக்க சென்னை வரைக்கும் போக வேண்டியதில்லை, தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது.

பூஞ்சேரி சொல்லும் பாடம்

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடந்த 44-வது செஸ் ஒலிம்பியாட் நம்ம ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். பெயர் என்னவோ ‘சென்னை 2022’. தொடக்க விழா நேரு உள்விளையாட்டு அரங்கில். ஆட்டங்கள் நடந்ததோ மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரியில்! பெயரை நம்பி சென்ட்ரல் பக்கம் ரூம் போட்ட வெளிநாட்டு ரசிகர் ஒருவர், தினமும் போக 50 கிலோமீட்டருக்கு மேல், வர 50 கிலோமீட்டருக்கு மேல் அலைய வேண்டியிருந்திருக்கும்.

நாம் வெளிநாடு போகும்போது அந்த ரசிகரின் நிலைமைதான் நமக்கும். போர்ட்ரஷ் போக டப்ளினில் இறங்கினால், அது அயர்லாந்து என்ற தனி நாடு. பிரிட்டன் விசா மட்டும் எல்லா நேரத்திலும் போதாது. சவுத்போர்ட் சின்ன ஊர், ஓபன் வாரத்தில் ரூம் வாடகை எகிறிவிடும். லிவர்பூலில் தங்கி உள்ளூர் ரயிலில் ஹில்சைடு ஸ்டேஷனில் இறங்கினால் ராயல் பர்க்டேல் மைதானம் பக்கத்திலேயே.

எந்த நாளுக்கு டிக்கெட் எடுப்பது?

எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையைத்தான் கேட்பார்கள். ஆனால் பிடித்த வீரரைப் பார்க்கணும் என்றால் வியாழன், வெள்ளிதான் சரி. தி ஓபனில் 156 பேர் களமிறங்குவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் ‘கட்’ விழும். முதல் 70 இடங்களில் இருப்பவர்களும் அவர்களோடு சமநிலையில் இருப்பவர்களும் மட்டும்தான் மிச்சம். மற்றவர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். சிங்கப்பூர் மகளிர் போட்டியில் இந்த ‘கட்’ கிடையாது, நான்கு நாளும் எல்லோரும் ஆடுவார்கள்.

இது கிரிக்கெட் மாதிரி ஒரே சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டமும் இல்லை. ஒரு வீரரின் பின்னாலேயே 18 குழிகளும் சுற்றினால் 7, 8 கிலோமீட்டர் நடை. வயதானவர்களைக் கூட்டிப்போனால், ஏதாவது ஒரு ‘கிரீன்’ பக்கத்தில் இடம் பிடித்து உட்கார வைத்துவிடலாம். வரிசையாக எல்லா வீரர்களும் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

ரிட்டர்ன் டிக்கெட்டை ஞாயிறு இரவுக்குப் போட வேண்டாம். மழை, மின்னல் என்றால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். 1988 ஓபன், மழையால் திங்கட்கிழமைதான் முடிந்தது.

கிளம்பும்போது...

டூர் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் வரியும் சேர்த்துப் பிடிப்பார்கள். அது வீண் செலவு அல்ல. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் இருந்தால் திரும்பப் பெறலாம். ரசீதை மட்டும் பத்திரமாக வைக்கணும்.

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் ஏறி திரிசூலத்தில் இறங்கினால், எதிரிலேயே விமான நிலையம். மாமல்லபுரத்துக்கு ரயில் இல்லை என்பதால் பஸ் அல்லது டாக்ஸிதான். நள்ளிரவு விமானமாக இருந்தால் கடைசி ரயிலை நம்பாமல் முன்கூட்டியே வண்டி சொல்லி வைப்பது நல்லது.