உளமார உறுதி: நாத்திகருக்குக் கதவைத் திறந்துவிட்ட பக்திமான்கள்

நம்மூர் நோட்டரியிடம் கையெழுத்துக்குப் போகும் அஃபிடவிட் எதையாவது எடுத்துப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி எல்லாம் முடிந்த பிறகு 'சாலம்லி அஃபர்ம் அண்ட் சின்சியர்லி ஸ்டேட்' என்று ஒரு வரி வரும். கடவுள் பெயர் அதில் இருக்காது. கையெழுத்துப் போடுகிறவர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தாலும் வரி அதேதான். அமைச்சர்கள் பதவியேற்கும்போது மட்டும் இது நம் கண்ணில் படும். 1967-ல் அண்ணாவும் அவர் அமைச்சர்களும் ஆண்டவன் பெயரை விட்டுவிட்டு உளமார உறுதி கூறினார்கள். 2021-ல் ஸ்டாலினும் அப்படியே செய்தார்.

இதைப் பகுத்தறிவு இயக்கத்தின் சொத்தாகப் பார்ப்பதுதான் நம்மிடையே வழக்கம். நாத்திகர்கள் இந்த உரிமைக்காகப் போராடியது உண்மைதான், ஒருத்தர் அதற்காக ஆறு வருஷம் நாடாளுமன்ற வாசலில் நின்றிருக்கிறார். ஆனால் 'அஃபர்ம்' என்ற அந்த வார்த்தையை முதலில் சட்டத்துக்குள் கொண்டு வந்தவர்கள் கடவுளை மறுத்தவர்கள் இல்லை. அவர் மீது சத்தியம் பண்ணுவதே அபசாரம் என்று நினைத்த அளவுக்குப் பக்தி உள்ளவர்கள். மதச்சார்பற்ற மனிதநேயத்துக்கும் மதத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால், தத்துவப் புத்தகங்களை விட்டுவிட்டு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கதை 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொடங்குகிறது. குவேக்கர்கள் என்று ஒரு கிறித்தவப் பிரிவு. மத்தேயு சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சத்தியமே செய்ய வேண்டாம், ஆம், இல்லை என்று பேசினால் போதும் என்கிறார். மற்ற கிறித்தவர்கள் இதற்கு ஏதேதோ வியாக்கியானம் சொல்லி நகர்ந்துவிட்டார்கள். குவேக்கர்கள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தரப்பில் நல்ல லாஜிக்கும் இருந்தது. கோர்ட்டில் மட்டும் சத்தியம் பண்ணிவிட்டு உண்மை பேசினால், மற்ற நேரத்தில் பேசுவதற்கு என்ன பொருள்? இதற்காகவே நிறைய பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

கடைசியில் 1696-ல் ஒரு சட்டம் வந்தது. குவேக்கர்கள் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்லலாம். ஆனால் கிரிமினல் வழக்கில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரியில் உட்கார முடியாது, அரசுப் பதவி கிடையாது. அதைவிட வேடிக்கை, அந்த உறுதிமொழியிலேயே 'எல்லாம் வல்ல இறைவன் முன்னிலையில்' என்ற பொருளில் சில வார்த்தைகளைச் செருகியிருந்தார்கள். இதுவும் சத்தியம்தானே என்று குவேக்கர்களிலேயே பலர் ஏற்கவில்லை. கால் நூற்றாண்டு முணுமுணுப்புக்குப் பிறகு 1722-ல் அந்த வார்த்தைகள் நீக்கப்பட்டன. ஆக, ஆங்கிலச் சட்டத்தில் கடவுள் இல்லாத முதல் உறுதிமொழி, கடவுளுக்கு மிக நெருக்கமாக வாழ நினைத்தவர்கள் கேட்டு வாங்கியது.

நாடாளுமன்றம் மசிய இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1698-ல் ஜான் ஆர்ச்டேல் என்ற குவேக்கர் தேர்தலில் ஜெயித்தார். சத்தியம் செய்ய மாட்டேன் என்றதால் இடம் கிடைக்கவில்லை. 1833-ல்தான் ஜோசப் பீஸ் உறுதிமொழி சொல்லி உள்ளே உட்கார்ந்தார். யூதர்களுக்கும் இதே கதை. 1847-ல் லண்டன் நகரத் தொகுதியில் ஜெயித்த லயனல் டி ராத்ஸ்சைல்டு, உறுதிமொழியில் கிறித்தவ விசுவாசத்தைச் சொல்லும் வரி இருந்ததால் 1858 வரை காத்திருந்தார்.

நடுவில் நம் நாட்டுக்காரர்களும் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். 1744-ல் லண்டனில் ஓமிசந்த் எதிர் பார்க்கர் என்று ஒரு வழக்கு. கல்கத்தாவில் எடுத்த இந்துக்களின் வாக்குமூலம் செல்லுமா என்பது கேள்வி. அவர்கள் பைபிளைத் தொடவில்லை, தங்கள் வழக்கப்படி சத்தியம் செய்திருந்தார்கள். செல்லும் என்று ஹார்டுவிக் பிரபு தீர்ப்புச் சொன்னார். தப்பு செய்தால் தண்டிக்கும் கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று நம்பினால் போதும், அவர் எந்த மதத்துக் கடவுளாகவும் இருக்கலாம். பெருந்தன்மையான தீர்ப்பு. ஆனால் இந்தக் கதவு திறந்த அதே அசைவில் இன்னொன்று இறுக்கமாகச் சாத்திக்கொண்டது. எந்தக் கடவுளும் இல்லை என்பவனுக்குக் கோர்ட்டில் வாயே கிடையாது.

வாய் கிடையாது என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1861-ல் ராச்டேல் ஊரில் மேடன் என்ற குடும்பம் ஒரு பியானோவுக்காக வழக்குப் போட்டது. மனைவிதான் முக்கிய சாட்சி. உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டதும் இல்லை என்று உண்மையைச் சொன்னார். சாட்சியம் நிராகரிக்கப்பட்டது, வழக்கும் போனது. மேல் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. உண்டு என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் உண்மை விளம்பியாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள்! ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்கு இரண்டு வருஷம் முன்பே 'ஆன் லிபர்ட்டி'யில் இந்த முரணைக் காட்டிவிட்டார். எங்கள் தொழிலில் இப்படி ஒரு வேலிடேஷன் எழுதினால் கோட் ரிவ்யூவிலேயே கிழித்துவிடுவார்கள். பொய்யான இன்புட் எல்லாம் பாஸ், நேர்மையான இன்புட் மட்டும் எரர்.

1869, 1870-ஆம் வருஷச் சட்டங்கள் கோர்ட்டுகளில் இதைச் சரி செய்தன. மத நம்பிக்கை இல்லாதவர்களும் உறுதிமொழி சொல்லலாம். ஆனால் ஒரு நிபந்தனை: சத்தியம் இவர் மனசாட்சியைக் கட்டுப்படுத்தாது என்று நீதிபதிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். இந்த நிபந்தனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சார்லஸ் பிராட்லா மாட்டிக்கொண்டது இங்கேதான்.

பிராட்லா 1833-ல் லண்டன் ஹாக்ஸ்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சண்டே ஸ்கூலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பையன், சுவிசேஷங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையே என்று கேள்வி கேட்டு வெளியே போனவர். 1866-ல் தேசிய செக்யூலர் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு புத்தகத்தை மறுபதிப்புச் செய்ததற்காக 1877-ல் அவரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அன்னி பெசன்ட். ஆமாம், பின்னாளில் நம் அடையாறுக்கு வந்த அதே பெசன்ட்.

'செக்யூலரிசம்' என்ற சொல் பிராட்லாவுடையது இல்லை. 1851 வாக்கில் அதைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக், மதநிந்தனைக்காக 1842-ல் ஆறு மாதம் ஜெயிலில் இருந்தவர். மனிதனின் இம்மை வாழ்க்கையை மேம்படுத்துவதுதான் வேலை, கடவுள் உண்டா இல்லையா என்பதை ஒரு பக்கம் வைத்துவிடலாம், ஆத்திகர்களும் கூட வரட்டும் என்பது அவர் கட்சி. பிராட்லாவுக்கு இது வழவழா பேச்சாகத் தெரிந்தது. யோசித்துக்கொண்டே போனால் செக்யூலரிசம் நாத்திகத்தில்தான் முடியும் என்றார். 1870-ல் இருவரும் மேடை போட்டே விவாதித்தார்கள். அந்தச் சண்டை இன்றும் முடியவில்லை, எந்த டீக்கடையிலும் கேட்கலாம்.

1880 ஏப்ரலில் நார்த்தாம்ப்டன் மக்கள் பிராட்லாவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மே 3-ஆம் தேதி, கோர்ட்டில் செய்வது போலவே உறுதிமொழி சொல்கிறேன் என்றார். கமிட்டி போட்டார்கள். தலைவரின் ஒரே ஓட்டில், அந்தச் சட்டம் நாடாளுமன்றத்துக்குப் பொருந்தாது என்று முடிவானது. சரி, அப்போ மற்றவர்கள் மாதிரி நானும் சத்தியமே செய்கிறேன் என்றார் பிராட்லா. அதோடு விட்டிருக்கலாம். டைம்ஸ் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, அந்த உறுதிமொழியில் ஒரு பகுதி எனக்கு அர்த்தமில்லாத வெறும் சொற்கள், இருந்தாலும் அது என்னைக் கட்டுப்படுத்தும் என்று விளக்கம் வேறு கொடுத்தார். சபை கொதித்துப்போனது. இவர் ஏற்கனவே 1869 சட்டத்தைக் காட்டியவர், அப்படியென்றால் சத்தியம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒப்புக்கொண்டவர், இப்போது எப்படி சத்தியம் செய்ய விடுவது என்றார்கள். உறுதிமொழியும் கூடாது, சத்தியமும் கூடாது.

என் கருத்தில் அந்தக் கடிதம்தான் அவருடைய பலவீனமான இடம். அர்த்தமில்லாத வார்த்தையைச் சொல்லத் தயார் என்ற பிறகு, குவேக்கர்களிடம் இருந்த அந்தப் பிடிமானம் கையை விட்டுப் போகிறது. ஆனால் நார்த்தாம்ப்டன் வாக்காளர்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டுமே என்ற அவர் கவலையையும் தள்ளிவிட முடியவில்லை.

அடுத்து நடந்ததெல்லாம் நாடகம். 1880 ஜூன் 23 அன்று வெளியேற மறுத்ததால் பிக் பென் மணி இருக்கும் கோபுரத்தில் அடைத்து, மறுநாள் விட்டார்கள். ஜூலையில், சட்டப்படி வரும் விளைவு உன் பொறுப்பு என்று சொல்லி உறுதிமொழி சொல்ல அனுமதித்தார்கள். போட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும் 500 பவுண்டு அபராதம் கேட்டு கிளார்க் என்பவர் வழக்குப் போட்டார். பின்னால் இருந்து இயக்கியது நியூடிகேட் என்ற எம்.பி. பிராட்லா தோற்றார், பதவி போனது. 1881-ல் மறுபடி ஜெயித்தார். ஆகஸ்ட் 3 அன்று உள்ளே நுழையப் பார்த்தவரை ஊழியர்களும் போலீசும் தூக்கி வெளியே போட்டார்கள், கோட் கிழிந்தது. 1882 பிப்ரவரியில் பாக்கெட்டிலிருந்து பைபிளை எடுத்துத் தனக்குத்தானே பிரமாணம் செய்துவைத்துக்கொண்டார்! நீக்கினார்கள். திரும்ப ஜெயித்தார். 1884-ல் இன்னொரு முறை. நார்த்தாம்ப்டன்காரர்கள் அசரவேயில்லை.

அவரை எதிர்த்த வரிசையில் ஆங்கிலிக்கன் பிஷப்புகள், கத்தோலிக்க கர்தினால் மேனிங், ஐரிஷ் எம்.பி.க்கள் பலர். ஐம்பது வருஷம் முன்பு வரை இதே உறுதிமொழிச் சட்டங்களால் வெளியே நின்றவர்கள் கத்தோலிக்கர்கள். 1829-ல்தான் அவர்களுக்கு வழி திறந்தது. வரிசையில் நமக்கு முன்னால் நின்று உள்ளே போனவர் கதவைச் சாத்துவது உலக வழக்கம்தான் போல.

அவருக்காகப் பேசியவர்கள் யார் என்று பார்த்தால்தான் கதை சுவாரசியமாகிறது. ஜான் பிரைட், குவேக்கர். தன் முன்னோர்கள் பட்டபாடு அவருக்குத் தெரியும். அடுத்தவர் பிரதமர் கிளாட்ஸ்டன். அன்றைய அரசியல்வாதிகளில் அவரைப் போல பைபிளும் ஜெபமுமாக வாழ்ந்தவர்கள் குறைவு, பிராட்லாவின் கருத்துகள் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 1883-ல் உறுதிமொழி மசோதாவை அவரே முன்னின்று ஆதரித்தார். ஏப்ரல் 26 அன்று அவர் பேசியதன் சாரம் இது. யூதருக்காகக் கிறித்துவை விட்டுவிட்டீர்கள். மிச்சமிருப்பது ஏதோ ஒரு கடவுள் என்ற மொட்டை வார்த்தை. மனிதனைப் பற்றிக் கவலையே படாத கடவுளை நம்புகிறவன்கூட இந்த சத்தியத்தைச் செய்யலாம். அந்த மொட்டை வார்த்தையைக் காப்பாற்றவா இத்தனை ஆவேசம்? இதனால் மதத்துக்குத்தான் அவமானம் என்றார். நடுவில் லுக்ரீஷியஸை லத்தீனிலேயே எடுத்துச் சொன்னாராம். மசோதா 289-க்கு 292 என்று மூன்று ஓட்டில் தோற்றது.

முடிச்சு அவிழ்ந்தது 1886 ஜனவரியில். புது நாடாளுமன்றத்தின் சபாநாயகர் ஆர்தர் பீல், உறுதிமொழி எடுக்க வருகிறவரைக் குறுக்கே நின்று தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார். பிராட்லா மற்றவர்களைப் போல சத்தியம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அவரே முயன்று நிறைவேற்றிய 1888 சட்டம், மத நம்பிக்கை இல்லை என்பவருக்கும், சத்தியம் என் மதத்துக்கு விரோதம் என்பவருக்கும் ஒரே உறுதிமொழியைக் கொடுத்தது. சட்டத்தின் ஒரே வரியில் நாத்திகரும் குவேக்கரும்!

இந்தியாவில் இது வேறு பாதையில் வந்தது. கம்பெனி கோர்ட்டுகளில் இந்துவுக்குக் கங்கை நீர், முஸ்லிமுக்குக் குர்ஆன் என்று இருந்தது. இது பலருடைய மனசாட்சிக்கு ஒவ்வவில்லை, நீதிக்கே இடைஞ்சல் என்று சொல்லி 1840-ல் ஒரு சட்டம் உறுதிமொழியைக் கொண்டு வந்தது. அதிலும் 'இறைவன் முன்னிலையில்' இருந்தது. 1873 சட்டம் இந்துக்களும் முஸ்லிம்களும், சத்தியம் செய்ய ஆட்சேபம் உள்ள மற்றவர்களும் உறுதிமொழியே சொல்ல வேண்டும் என்றது. அதாவது பிராட்லா வாசலில் நின்ற அதே காலத்தில், செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொன்ன ஒரு சாதாரண விவசாயிக்கு அவர் கேட்ட முறைதான் விதி. அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. 1969-ஆம் வருஷச் சட்டத்தின் படிவமும் அப்படித்தான்.

பிராட்லாவின் சண்டையைச் சென்னையில் உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். சென்னை லௌகிக சங்கத்தார் நடத்திய 'தத்துவ விவேசினி' 1882 முதல் 1888 வரை வந்தது. பெரியாருக்கு நாற்பது வருஷம் முந்திய நாத்திகத் தமிழ் அது. பிராட்லாவும் இந்தியாவை மறக்கவில்லை. 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்று அவரைக் கேலியும் பாராட்டுமாகச் சொல்வார்கள். 1889 டிசம்பரில் பம்பாய் காங்கிரசுக்கே வந்தார்.

1891 ஜனவரி 27 அன்று, அவரை உள்ளே விட மறுத்த 1880 தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. பிராட்லா நினைவில்லாமல் படுத்திருந்தார், 30-ஆம் தேதி இறந்துபோனார். புரூக்வுட் கல்லறையில் அடக்கம். லண்டனில் இருந்த இந்தியர்கள் திரளாகப் போனார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த 21 வயது காந்தியும் போயிருந்தார். சுயசரிதையில் அதைப் பற்றி ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. மரியாதை செலுத்த வந்தவர்களில் பாதிரியார்கள் சிலரும் இருந்ததை அதில் காந்தி குறித்து வைத்திருக்கிறார்.