எஞ்சிய காந்தம்

1950களின் பிரிட்டிஷ் கார் ஒன்றில் சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். இன்ஜின் வேகம் பிடித்ததும் அணைந்துவிடும். அந்த விளக்குக்குப் பின்னால் பெரிய மூளை எதுவும் இல்லை. அதன் ஒரு முனை பேட்டரிப் பக்கம், மறுமுனை டைனமோப் பக்கம். இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமானால் நடுவில் மின்சாரம் ஓட வழியில்லை, விளக்கு அணைகிறது. வண்டி ஓடும்போதும் அது எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம்.

அப்படி எரிந்தபோதெல்லாம் திட்டு வாங்கிய பெயர் லூகாஸ். பர்மிங்ஹாமில் எண்ணெய் விளக்கு விற்ற ஜோசப் லூகாஸ் தொடங்கிய நிறுவனம் அது. சென்னைக்காரர்களுக்குப் பாடி பக்கம் பஸ் ஸ்டாப்பாகப் பழகிய லூகாஸ் டிவிஎஸ் பெயரில் இருப்பதும் இதே லூகாஸ்தான். பழைய கார் பிரியர்கள் அவருக்குக் கொடுத்த பட்டம் 'இருளின் இளவரசர்'. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் குற்றத்தை நிரூபிக்காமலே தண்டனை கொடுத்துவிடுகிறது இந்த ஜோக். டைனமோவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வழக்கு வேறு மாதிரி தெரியும்.

காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் வரும் என்பது ஃபாரடே காலத்திலிருந்தே தெரியும். அந்தக் காந்தம் எங்கிருந்து வரும் என்பதுதான் சிக்கல். நிலைக்காந்தத்தின் பலம் போதவில்லை. மின்காந்தம் வைக்கலாம் என்றால் அதற்கும் மின்சாரம் வேண்டும். கோழி முதலா, முட்டை முதலா? 1866, 67ஆம் ஆண்டுகளில் வெர்னர் சீமன்ஸ், வீட்ஸ்டன், வார்லி ஆகியோர் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள். இரும்பு முன்பு ஒருமுறை காந்தமாகியிருந்தால் அதில் கொஞ்சம் காந்தம் மிச்சம் இருக்கும். சுழலும்போது அந்த மிச்சம் துளி மின்சாரம் தரும். அந்தத் துளியைக் காந்தச்சுருளுக்கே திருப்பிவிட்டால் காந்தம் வலுக்கும், மின்சாரம் கூடும், காந்தம் இன்னும் வலுக்கும். கம்ப்யூட்டர்காரர்கள் பூட்ஸ்ட்ராப் என்று சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

இப்படி வளர்வதற்குக் கடிவாளமும் வேண்டும். லூகாஸ் கார்களில் அந்த வேலை கன்ட்ரோல் பாக்ஸுக்கு. ஆர்பி106 வகையில் உள்ளே இரண்டு ரிலே. ஒன்று வோல்டேஜ் எல்லை மீறாமல் காந்தச்சுருளின் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். இன்னொன்று கட்-அவுட். இன்ஜின் நின்றதும் பேட்டரி மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் இணைப்பைத் துண்டிக்கும். கட்-அவுட்டின் பாயின்ட்கள் ஒட்டிக்கொண்டால் காலையில் பேட்டரி காலி. பழி என்னவோ டைனமோ மேல்தான் விழும்.

யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க லூகாஸ் சொல்லிக்கொடுத்த வழி அழகானது. முதலில் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார். பிறகு டைனமோவின் டி, எஃப் முனைகளில் வரும் இரண்டு ஒயர்களையும் கழற்று. அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை டைனமோவின் உடம்பிலும் வை. இன்ஜின் வேகத்தை மெதுவாகக் கூட்டு. கன்ட்ரோல் பாக்ஸ் இப்போது ஆட்டத்திலேயே இல்லை. முள் சீராக ஏறி 20 வோல்ட்டைத் தொட்டால் டைனமோ நிரபராதி. கடிவாளம் இல்லாததால் அதற்கு மேல் முடுக்கக் கூடாது. இனி விசாரணை ஒயர் பக்கமும் கன்ட்ரோல் பாக்ஸ் பக்கமும்.

முள் அசையவே இல்லையென்றால் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். பாதி வோல்டேஜோடு நின்றால் ஆர்மேச்சர் மேல் சந்தேகம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நின்றால் காந்தச்சுருள். இந்தக் கடைசி அளவில்தான் எனக்கு ஆச்சரியம். மின்காந்தம் வேலை செய்யாதபோது இரும்பில் எஞ்சிய காந்தம் மட்டும் தருகிற மின்சாரம் அது. சீமன்ஸ் பார்த்த அதே துளி, ஏதோ ஒரு ஷெட்டில் ஒரு மெக்கானிக்கின் மீட்டரில் தெரிகிறது. எஞ்சியதைப் பெருக்கும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது.

அந்த எச்சத்துக்குத் திசையும் உண்டு. அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். அதை நெகட்டிவுக்கு மாற்றினால் டைனமோவுக்கும் சொல்லியாக வேண்டும். எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரால் எஃப் முனையைச் சில முறை தொட்டு எடுப்பார்கள். பொறி பறக்கும். இரும்பு புதுத் திசையை நினைவில் வைத்துக்கொள்ளும்.

டைனமோவுக்கு ஓய்வு கொடுத்தது சிலிக்கான் டயோடு. 1960 மாடல் வேலியன்ட் காரில் கிரைஸ்லர் ஆல்டர்னேட்டர் வைத்தது. 1967இல் எம்ஜிபியும் மாறியது. மாறியது நியாயம்தான். டைனமோவில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் பிரஷ் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். ஆல்டர்னேட்டரின் பிரஷ் சுமப்பது காந்தத்துக்கான சிறு மின்சாரத்தை மட்டும். ஐட்லிங்கிலும் அது ஓரளவு சார்ஜ் செய்யும். பழைய டைனமோ சிக்னலில் நின்றால் சோர்ந்துவிடும், சிவப்பு விளக்கு லேசாகக் கண் சிமிட்டும்.

சோர்வது பழுதல்ல, அதன் இயல்பு. பழுது எது, இயல்பு எது என்று பிரித்துச் சொல்ல ஒரு துண்டு ஒயரும் ஒரு மீட்டரும் போதும். அதைச் செய்யாமல் பாக்ஸையும் டைனமோவையும் மாற்றி மாற்றிப் போட்டவர்களின் கோபத்திலும்தான் இருளின் இளவரசர் முடிசூட்டிக்கொண்டார்.