உடலுயரமும் மார்பகப் புற்றுநோயும்: ஒரு வரலாற்று நோக்கு

பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் இந்நோயை நண்டு என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் குருதிக் குழாய்கள் நண்டின் கால்களைப் போல அவர்களுக்குத் தோன்றின. தமிழரின் கண்ணுக்கோ, மண்ணுக்குள் பரவி மேலே மேடாக எழும் கறையான் புற்று தோன்றியது போலும். பெயரிடுவதில் வேறுபட்ட மக்கள் வினா எழுப்புவதில் மட்டும் ஒன்றுபட்டனர். இந்தப் பெண்ணுக்கு ஏன் வந்தது? அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஏன் வரவில்லை? அவ்வினாவுக்கு மனநிலை, துறவு, மணம், மகப்பேறு, தாய்ப்பால், உடல் எடை என்று காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன. அவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்தது உடலின் உயரம். இவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் மருத்துவத்தின் வளர்ச்சியோடு, பெண்ணின் மீது பழி சுமத்தும் வழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்த கதையும் உடன் தெரியும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் மருத்துவர், உடலில் கரும்பித்தம் மிகுவதே புற்றுநோய்க்குக் காரணம் என்று கருதினார். கரும்பித்தம் மிகுந்தவர்கள் துயரச் சுபாவம் உடையவர்கள் என்பது அக்கால நம்பிக்கை. ஆகவே, எப்போதும் துயருற்றிருக்கும் பெண்களுக்கே இந்நோய் மிகுதியாக வரும் என்ற எண்ணம் அவர் பெயரோடு இணைந்து நிலைபெற்றது. நோயுற்றவளை நோக்கி, "நீ மனத்தை வருத்திக்கொண்டாய், அதனால் வந்தது" என்று கூறும் பழக்கத்தின் வேர் இத்துணைப் பழமையானது. கரும்பித்தக் கொள்கை மறைந்த பின்னரும் அவ்வெண்ணம் மறையவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் புற்றுநோய்க்கென்று ஒரு தனிக் குணம் உண்டு என்று வாதிட்டவர்கள் இருந்தனர். ஜப்பானில் மியாகி மாநிலத்தில் 30,277 பேரின் குணநலன்களைப் பதிவு செய்து, அவர்களுள் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. குணத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை. சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் ஏறத்தாழ அறுபதாயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வும் அதனையே கூறிற்று. ஆயினும் துக்கம் விசாரிக்க வருவோர் இன்றும் கேலனின் சொல்லையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.

கருத்தை விடுத்துக் கண்டதைப் பதிவு செய்யும் வழக்கம் இத்தாலியில் தோன்றியது. 1700-ஆம் ஆண்டில் பெர்னார்டினோ ராமசீனி என்பவர், தொழிலாளரின் நோய்களைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளர், குயவர் எனப் பலரின் நோய்களையும் ஆராய்ந்த அந்நூலில், கன்னித் துறவியரிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்ற குறிப்பும் இடம்பெற்றது. அவருக்குப் பின் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, வெரோனா நகரத்து மருத்துவர் டொமெனிக்கோ ரிகோனி-ஸ்டெர்ன், தம் நகரில் 1760 முதல் 1839 வரை இறந்தவர்களின் பதிவேடுகளைப் புரட்டிக் கணக்கெடுத்து, 1842-இல் அம்முடிவுகளை வெளியிட்டார். கருப்பைப் புற்றுநோய் மணமான பெண்களிடமும், மார்பகப் புற்றுநோய் மணமாகாத பெண்களிடமும் துறவியரிடமும் மிகுந்திருந்ததை அவருடைய எண்கள் காட்டின. துறவு வாழ்க்கை எவ்வகையில் நோயை வளர்க்கிறது என்பதற்கு அன்று எவராலும் சரியான விளக்கம் தர இயலவில்லை. 1896-இல் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயுடைய பெண்ணின் சூலகங்களை அகற்றியபோது கட்டி சுருங்கியதைக் கண்டு எழுதினார். மார்பகத்தின் நோய்க்கும் பெண்ணின் உட்சுரப்புகளுக்கும் உறவு உண்டு என்பது அப்போதுதான் தெளியத் தொடங்கிற்று.

எனினும், இந்நோயின் காரணங்களை முறையாக வினவும் கலையை உலகுக்குக் காட்டியவர் ஒரு பெண்மணி. ஜேனட் லேன்-கிளேப்பன் அம்மையார் 1877-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பிறந்தார். பெண்களுக்கென லண்டனில் நிறுவப்பட்டிருந்த மருத்துவப் பள்ளியில் பயின்று, அறிவியலிலும் மருத்துவத்திலும் உயர்பட்டங்கள் பெற்றார். தாய்ப்பால் உண்ட குழந்தைகளையும் காய்ச்சிய பசும்பால் உண்ட குழந்தைகளையும் ஒப்பிட்டு 1912-இல் அவர் எழுதிய அறிக்கையே அவருடைய அறிவுக் கூர்மைக்குச் சான்று பகரும். பசும்பால் உண்ட குழந்தைகளின் எடை குறைந்திருப்பதற்குப் பால்தான் காரணமா, குடும்பத்தின் வறுமை காரணமா என்று அவர் அதில் பிரித்து ஆராய்ந்தார்.

1926-இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சு வெளியிட்ட அவருடைய அறிக்கைதான் ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. லண்டனிலும் கிளாஸ்கோவிலும் உள்ள மருத்துவமனைகளில் மார்பகப் புற்றுநோய் கண்ட 500 பெண்களை அவர் தேர்ந்தெடுத்தார். அவர்களைப் போன்ற வயதும் வாழ்நிலையும் உடைய, புற்றுநோய் இல்லாத 500 பெண்களையும் தேர்ந்தெடுத்தார். இரு சாராரிடமும் ஒரே வினாக்கள் கேட்கப்பட்டன. எந்த வயதில் மணம் முடிந்தது, எத்தனை பிள்ளைகள், பாலூட்டியது எவ்வாறு என்று அவ்வினாப் பட்டியல் நீண்டது. இதில் என்ன புதுமை என்று இன்றைய மாணவர் கேட்கக்கூடும். புதுமை இரண்டாவது 500 பேரில் இருக்கிறது. நோயாளரை மட்டும் பார்த்து, "இவர்களுள் பலருக்குப் பிள்ளைகள் குறைவு" என்று கூறினால், நோயற்றவர்களுக்கும் அவ்வாறே குறைவாக இருந்திருக்கலாம் அன்றோ? ஒப்பிடுவதற்கு ஒரு கூட்டம் இல்லாமல் எண்ணிக்கை எதனையும் மெய்ப்பிக்காது. கணக்குப் பாடத்தில் விகிதத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நோய் கண்டவர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாக மணம் புரிந்தவர்கள், குறைந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள், பாலூட்டுவதிலும் குறைந்தவர்கள் என்று அம்மையாரின் அறிக்கை காட்டிற்று. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிய பின், 2010-இல் இரண்டு ஆய்வாளர்கள் அப்பழைய எண்களை இக்காலக் கணித முறையில் மீண்டும் ஆராய்ந்தனர். இன்றைய ஆய்வுகளின் முடிவுகளோடு அவை பெரிதும் ஒத்திருந்தன.

அம்மையார் 1929-இல் மணம் செய்துகொண்டார். மணமான பெண்கள் அரசுப் பணியில் நீடிப்பதற்கு அக்காலப் பிரிட்டனில் தடை இருந்தது. அவருடைய ஆய்வு வாழ்வும் அத்துடன் நின்றது. அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1967-இல் அவர் மறைந்தார். அம்முப்பத்தெட்டு ஆண்டுகளில் மருத்துவம் இழந்தது எவ்வளவு என்பதை எந்தப் பதிவேட்டைப் புரட்டியும் கணக்கிட முடியாது.

அவர் வகுத்த வழியில் பிறர் நடந்தனர். பிரைன் மக்மாகன் தலைமையில் பாஸ்டன், ஏதென்ஸ், தோக்கியோ, தைப்பே முதலிய ஏழு இடங்களில் நடத்தப்பட்ட ஆய்வு 1970-இல் வெளியாயிற்று. பதினெட்டு வயதுக்குள் முதற்பிள்ளையைப் பெற்றவர்களுக்குள்ள ஆபத்து, முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு பெற்றவர்களுக்குள்ளதில் மூன்றில் ஒரு பங்கே என்று அது கூறிற்று. தாய்ப்பாலுக்குத் தனியாக ஒரு பயன் இருப்பதாக அவ்வாய்வில் தெரியவில்லை. ஆனால் 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2002-இல் வெளியிட்ட கணக்கில் அப்பயன் தெளிவாகத் தெரிந்தது. பாலூட்டிய ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் ஆபத்து 4.3 விழுக்காடு குறைந்திருந்தது. அறிவியலின் முடிவு ஒரே ஆய்வில் உறுதிப்படுவதன்று.

இனி உயரத்துக்கு வருவோம். இந்த அளவை ஆய்வின் நடுவே கொணர்ந்தவர்களுள் நெதர்லாந்து நாட்டின் பிரிட்ஸ் டி வார்ட் குறிப்பிடத்தக்கவர். ஜப்பானியப் பெண்களைவிட டச்சுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. இவ்வேறுபாட்டில் கணிசமான பங்கை எடை, உயரம் என்னும் உடலளவு வேறுபாட்டைக் கொண்டே விளக்கலாம் என்று 1970-களின் நடுவில் அவர் எழுதினார். நார்வே நாட்டில் இதனைச் சோதிக்க ஒரு வாய்ப்பு முன்னரே அமைந்திருந்தது. காசநோயைக் கண்டறிய மக்களைத் திரளாக ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது, அவர்களின் உயரத்தையும் எடையையும் அங்கே குறித்து வைத்திருந்தனர். ஒரு நோய்க்காக எடுத்த குறிப்பு வேறொரு நோய்க்குப் பயன்பட்டது. அவ்வாறு அளக்கப்பட்ட 570,000 பெண்களைப் பற்றிய ஆய்வு 1989-இல் வெளிவந்தது. உயரம் கூடக்கூட நோயும் கூடியது. பிரிட்டனில் 1996 முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வின் 2011-ஆம் ஆண்டு அறிக்கை, உயரம் 10 சென்டிமீட்டர் கூடினால் மார்பகப் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ 17 விழுக்காடு கூடுகிறது என்று கணக்கிட்டது.

இந்த 17 விழுக்காடு என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். உயர்ந்த பெண்கள் நூறு பேரில் பதினேழு பேருக்கு நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஒரு கூட்டத்தில் ஆயிரம் பேருள் 100 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வருவதாகக் கொள்வோம். அவர்களைவிட 10 சென்டிமீட்டர் உயர்ந்த ஆயிரம் பேருள் சுமார் 117 பேருக்கு வரும். எஞ்சிய 883 பேருக்கும் அவர்களுடைய உயரத்தால் இந்நோய் வருவதில்லை.

உயரம் தானாக நோயைத் தருமா? தராது என்றே அறிஞர்கள் எண்ணுகின்றனர். உயரம் என்பது ஒருத்தி குழந்தைப் பருவத்தில் எவ்வாறு வளர்ந்தாள் என்பதன் பதிவு. அவள் உண்ட உணவு, அவளைத் தாக்கிய நோய்கள், பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்கள், உடலில் ஊறிய வளர்ச்சிச் சுரப்புகள் ஆகிய அனைத்தும் அந்த ஓர் அளவில் எழுதப்பட்டிருக்கின்றன. உயர்ந்த உடலில் உயிரணுக்கள் மிகுதி. பிரிந்து பெருகும் உயிரணுக்கள் மிகுந்தால் பிழைபட்டவை தோன்றும் வாய்ப்பும் மிகும் என்பது ஒரு விளக்கம். இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணி என்னும் பொருள், எலும்பை வளர்ப்பதோடு பிற உயிரணுக்களையும் பெருகத் தூண்டுகிறது என்பது மற்றொரு விளக்கம். எக்குவடோர் நாட்டில், பிறவியிலேயே வளர்ச்சிச் சுரப்புக்கு உடல் இணங்காமல் மிகக் குள்ளமாக வாழும் மக்கள் உள்ளனர். அவர்களுள் ஏறக்குறைய நூறு பேரை இருபத்திரண்டு ஆண்டுகள் கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒருவருக்குத்தான் புற்றுநோய் கண்டது. அவரும் அதனால் இறக்கவில்லை. உயரத்தோடு தொடர்புடைய 168 மரபணு மாற்றங்களைக் கொண்டு 2015-இல் நடத்தப்பட்ட ஆய்வும், இத்தொடர்பு தற்செயலானதன்று என்பதை வலியுறுத்திற்று.

அப்படியானால் பெண்பிள்ளைகளைக் குறைவாக ஊட்டி வளர்த்தால் நன்மையா என்று எவரும் கேட்டுவிடக் கூடாது. அதற்குப் போர்க்கால வரலாறே விடை கூறும். 1940 முதல் 1945 வரை நார்வே ஜெர்மானியரின் பிடியில் இருந்தபோது உணவு சுருங்கியது. அக்காலத்தில் பூப்பெய்தும் பருவத்தில் இருந்த பெண்களிடையே, உயரத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மற்றவர்களிடம் இருந்ததைவிட வலுவாகக் காணப்பட்டது. வளரும் பருவத்து ஊட்டம் இந்நோயோடு தொடர்புடையது என்ற எண்ணத்துக்கு இஃது ஆதரவாயிற்று. ஆனால் நெதர்லாந்தில் நடந்தது வேறு. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டின் மேற்குப் பகுதி மக்கள் கொடிய பஞ்சத்தில் வாடினர். அப்பஞ்சத்தில் கடுமையாகப் பட்டினி கிடந்த பெண்களைப் பற்றி 2004-இல் வெளியான ஆய்வின்படி, பிற்காலத்தில் அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறையவில்லை; 48 விழுக்காடு மிகுந்திருந்தது. இரண்டு முதல் ஒன்பது வயதுக்குள் பஞ்சத்தைக் கண்டவர்களிடம் அது மேலும் தெளிவாகத் தெரிந்தது. பட்டினி எவரையும் காக்கவில்லை.

சிக்கல் இன்னும் ஒன்றுண்டு. இளவயதில் பூப்பெய்தும் சிறுமியர் பொதுவாக விரைவில் வளர்ந்து, விரைவில் வளர்ச்சி நின்று, முடிவில் சற்றுக் குட்டையாகவே அமைகின்றனர். 117 ஆய்வுகளைத் தொகுத்த 2012-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பூப்பு ஓராண்டு முந்தினால் ஆபத்து 5 விழுக்காடு கூடுகிறது. ஆக, உயர்ந்தவளுக்கும் ஆபத்து சற்று மிகும். முந்திப் பூத்துக் குட்டையாக நின்றவளுக்கும் சற்று மிகும். உடலைப் பார்த்த மாத்திரத்தில் நோயை அளந்துவிடலாம் என்று எண்ணுவோர் இதனை மறக்கலாகாது. எடையும் அத்தகையதே. மாதவிடாய் நின்ற பின் உடல் பருத்தவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. நிற்பதற்கு முன்னரோ குறைகிறது. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் 1,866 நோயாளரையும் 1,873 பிற பெண்களையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உயரம், எடை, இடை, இடுப்பு ஆகிய நான்கும் அளக்கப்பட்டன. லேன்-கிளேப்பன் அம்மையாரின் முறையே எண்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ்ப் பெண்களையும் மலையாளப் பெண்களையும் வினவிற்று.

மருத்துவர்கள் ஒரு பெண்ணின் ஆபத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் சூத்திரங்களில் உயரம் தாமதமாகவே இடம்பெற்றது. 1989-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட சூத்திரம் வயது, பூப்பெய்திய வயது, முதற்பேற்றின் வயது, நெருங்கிய உறவினரின் நோய் முதலியவற்றைக் கேட்டது, உயரத்தைக் கேட்கவில்லை. 2004-இல் பிரிட்டனில் வெளியான சூத்திரம் உயரத்தையும் எடையையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் தாயோ உடன்பிறந்தவளோ இந்நோய் கண்டவராயின், அவ்வொரு செய்தியின் கனத்துக்கு முன் உயரம் சிறியதே. வயதோ அனைத்தினும் பெரிது. சிங்கப்பூரில் 2002-இல் தொடங்கப்பட்ட மார்பகப் பரிசோதனைத் திட்டம் பெண்களை அழைப்பது அவர்களின் வயதைக் கொண்டுதான். வாயிலில் அளவுகோல் எதுவும் நிறுத்தப்படவில்லை.