பழவேற்காடு சேற்றில் கண்ணாடி! மடவை மீன் மண்ணைத் தின்பது எதற்காக?

மடவை மீனை வெட்டிக் கழுவியவர்கள் கவனித்திருப்பீர்கள். வயிற்றுக்குள் கோழி இரைப்பை மாதிரி கெட்டியான சதை உருண்டை இருக்கும், கூடவே கொஞ்சம் மண்ணும் சேறும். இவ்வளவு ருசியான மீன் ஏன் சேற்றைத் தின்னுது?

அது தேடுவது மண்ணை இல்லை, 'டயட்டம்' என்கிற பாசியை. ஒரே ஒரு செல் கொண்ட உயிர், கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கில் சேர்ந்தால், சேற்றின் மேல் பழுப்பு நிறத்தில் வழுவழுன்னு படியும். அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. மணலும் ஜன்னல் கண்ணாடியும் அதே சிலிக்காதான். சோப்பு டப்பா போல மேலொரு மூடி, கீழொரு மூடி. மடவையின் அந்தச் சதை உருண்டை, விழுங்கிய மணலையே அம்மிக்கல்லாக்கி இதை அரைக்கிறது.

இவ்வளவு கண்ணாடி எங்கிருந்து வருது?

மலைப் பாறையிலிருந்து. மழைநீர் பாறையை மெல்லக் கரைக்க, அந்த சிலிக்காவை ஆறு சுமந்து வருகிறது. பழவேற்காட்டுக்கு தெற்கில் ஆரணி ஆறு, ஆந்திரா பக்கம் காளங்கியும் சுவர்ணமுகியும். கடலின் மேல்மட்ட நீரில் சிலிக்கா குறைவு, அதனால் ஆற்று வெள்ளம்தான் டயட்டத்துக்கு வரவு. வயல் உரமும் சாக்கடையும் நைட்ரஜனை ஏற்றும், ஆனால் அந்த அளவுக்கு சிலிக்கா ஏறாது. அப்போ டயட்டம் பின்தங்கி, வேறு பாசிகள் முந்திக்கொள்ளும்.

டயட்டம் செத்தாலும் ஓடு சீக்கிரம் அழியாது. ஆழ்கடலில் அடுக்கடுக்காகப் படிந்து, பல லட்சம் வருடங்களில் பாறையாகவே மாறும். ஆல்ஃபிரட் நோபல் 1867-ல் காப்புரிமை வாங்கிய டைனமைட்டில், நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைத்தது இந்த ஓட்டுமண்தான்! பழவேற்காட்டில் ஆற்று மணலும் வண்டலும் அதிகம், அதனால் ஓடுகள் அதற்குள் கலந்து கிடக்கின்றன. நன்னீர் இனத்தின் ஓடு வேறு, உப்புநீர் இனத்தின் ஓடு வேறு. சேற்றைக் குழாயில் எடுத்து, எந்த அடுக்கில் எது அதிகம் எனப் பார்த்தால், ஏரியில் எப்போ கடல்நீர் புகுந்தது, எப்போ ஆறு பெருகியது என்று கணிக்கலாம்.

மீனவர்களுக்கு இதில் என்ன?

ஆறு வற்றும் கோடையில், அலை தள்ளும் மணல் முகத்துவாரத்தை அடைக்கும். கடலுக்குப் போகும் படகு தரைதட்டும். ஆழமில்லாத ஏரி நீர் வெயிலில் வற்றி, உப்பு கடலைவிட அதிகமாகவும் ஏறலாம். அதைத் தாங்காத டயட்டம் இனங்கள் குறையும். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சும் உள்ளே வர வழி இருக்காது. இங்கே யார், எந்த நாளில், எங்கே வலை கட்டுவது என்பதை 'பாடு' என்கிற ஊர் முறை முடிவு செய்யும். முறை வந்தும் ஏரியில் இறால் இல்லையென்றால், அடுத்த முறைக்குக் காத்திருக்கணும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கணும்னு இங்குள்ள குப்பங்கள் பல வருடங்களாகக் கேட்டு வந்தது இதனால்தான்.